விண்ணப்பத்தில் ஒரு கட்டம்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டால் ஊரெங்கும் ஒரே பேச்சுதான். யாருக்கு எத்தனை மதிப்பெண்? எந்தக் கல்லூரி? எந்தப் படிப்பு? வீட்டுக்கு வீடு விண்ணப்பம் நிரப்புவார்கள். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, சாதி, வருமானம் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். அவற்றுள் ஒன்று பாலினம். பெரும்பாலோர் ஆண் என்றோ பெண் என்றோ ஒரு நொடியில் குறித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார்கள்.

சிலருக்கு மட்டும் அந்தக் கட்டத்தில் பேனா நின்றுவிடுகிறது. சான்றிதழில் இருப்பதை எழுதினால், அது அவர்கள் அல்ல. தாங்கள் யாரோ அதை எழுதினால், சான்றிதழோடு ஒத்துப் போகாது. நன்றாகப் படித்தவர்கள்கூட இந்த இடத்தில் திணறுகிறார்கள். இவர்கள் யார்? இவர்கள் கல்லூரிக்குப் போக என்ன தடை? அந்தத் தடையை நீக்க என்ன வழி? இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

யார் இவர்கள்?

குழந்தை பிறந்ததும் உடலைப் பார்த்து ஆண் என்றோ பெண் என்றோ பதிவு செய்கிறோம். பெரும்பாலானவர்கள் வளர்ந்த பிறகும் தங்களை அப்படியே உணர்கிறார்கள். சிலர் அப்படி உணர்வதில்லை. ஆண் என்று பதிவான பிள்ளை தன்னைப் பெண்ணாக உணரலாம். அவர் திருநங்கை. பெண் என்று பதிவான பிள்ளை தன்னை ஆணாக உணரலாம். அவர் திருநம்பி. இந்த இரண்டிலும் தங்களை அடக்கிக்கொள்ளாதவர்களும் உண்டு. எல்லாரையும் சேர்த்துத் திருநர் என்கிறோம். வட மாநிலங்களில் ஹிஜ்ரா, கின்னர் என்ற பெயர்களில் கூடி வாழ்கிறவர்களும் இவர்களில் உண்டு.

இது நோய் அல்ல. கெட்ட பழக்கமும் அல்ல. ஒருவரைப் பார்த்து ஒருவர் ஒட்டிக்கொள்வதும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில், இதை மனநோய்கள் பகுதியிலிருந்து எடுத்துவிட்டது. அடித்தோ, பூட்டி வைத்தோ, மந்திரித்தோ மாற்றக்கூடிய ஒன்று அல்ல இது.

பள்ளியிலேயே அறுந்துபோகும் படிப்பு

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் ஆண், பெண் என்பதோடு ‘மற்றவர்’ என்ற கட்டமும் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அந்தக் கட்டத்தில் 4,87,803 பேர் பதிவானார்கள். அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 56 பேர். நாட்டு மக்கள் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 73 பேர்.

ஏன் இந்த வேறுபாடு? இவர்களுக்குப் படிப்பு ஏறாது என்பதாலா? இல்லை. படிக்க விடவில்லை என்பதால்தான்.

ஒரு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புவரை குறை ஒன்றும் இல்லை. ஏழு, எட்டு என்று வரும்போது வகுப்பில் ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம். அந்தப் பிள்ளை எந்தப் பக்கம் உட்காருவது? நடை, பேச்சு, சிரிப்பு எல்லாவற்றுக்கும் கேலி. பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். கழிப்பறைக்குள் போனால் தொல்லை. அதனால் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறது. ஆசிரியரிடம் சொன்னால், “நீ ஒழுங்காக இருந்தால் யார் உன்னைக் கேலி செய்யப் போகிறார்கள்?” என்கிறார். வீட்டில் சொன்னால் அடி விழுகிறது. ஒருநாள் பள்ளிக்குப் போவது நின்றுவிடுகிறது. பல பேருக்கு வீடும் இல்லாமல் போய்விடுகிறது.

பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாதவர் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போக முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காதவர் கல்லூரிக்கு விண்ணப்பிக்க முடியாது. ஆகவே கல்லூரியில் இவர்களைக் காண முடியவில்லை என்றால், அதற்கான காரணத்தைக் கல்லூரியில் மட்டும் தேடிப் பயனில்லை. எட்டாம் வகுப்பிலும் வீட்டிலும் தேட வேண்டும்.

உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன?

தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில், 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், ஏ.கே. சிக்ரி ஆகிய இருவரும் அந்தத் தீர்ப்பை எழுதினார்கள். தாம் ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலினமா என்று முடிவு செய்யும் உரிமை அந்த மனிதருக்கே உண்டு என்றார்கள். இவர்களைச் சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியவர்களாகக் கருத வேண்டும், கல்விக்கூடங்களிலும் அரசு வேலையிலும் இடஒதுக்கீடு தர வேண்டும் என்றும் அரசுகளுக்கு ஆணையிட்டார்கள்.

அதே ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு, விண்ணப்பப் படிவங்களில் திருநருக்கும் கட்டம் வைக்கும்படி பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. அதன் பிறகு பல விண்ணப்பங்களில் மூன்றாவது கட்டம் வந்தது.

இடஒதுக்கீட்டில் ஒரு சிக்கல் எழுந்தது. அது என்ன? தமிழ்நாட்டில் 2015ஆம் ஆண்டு திருநரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் திருநர் என்பது ஒரு சாதி அல்ல. எல்லாச் சாதியிலும் திருநர் பிறக்கிறார்கள். தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்த திருநங்கை இரண்டு ஒதுக்கீட்டில் ஒன்றை விட்டுக் கொடுக்க வேண்டுமா? ஒவ்வொரு சாதிப் பிரிவுக்கும் உள்ளேயே திருநருக்கென்று சிறு பங்கு வைத்தால் இந்தச் சிக்கல் வராது. இதைக் கிடைமட்ட இடஒதுக்கீடு என்கிறார்கள். கர்நாடகம் 2021ஆம் ஆண்டு அரசு வேலைகளில் இந்த முறையில் நூற்றுக்கு ஒன்று என்று ஒதுக்கியது. 2024ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றமும் இந்த முறையே சரி என்று தீர்ப்பளித்தது.

ஆள் ஒன்று, பெயர் இரண்டு

கட்டம் வந்துவிட்டது. சிக்கல் தீர்ந்ததா? தீரவில்லை. சான்றிதழ்ச் சிக்கல் இருக்கிறது.

எடுத்துக்காட்டாக, ஒருவருக்குப் பள்ளியில் ராஜு என்று பெயர் என வைத்துக்கொள்வோம். இப்போது அவர் பெயர் ராதா. ஆதார் அட்டையில் ராதா என்று மாற்றிவிட்டார். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ராஜு என்றே இருக்கிறது. மாற்றுச் சான்றிதழிலும் ராஜுதான். கல்லூரி அலுவலகத்தில் எல்லாவற்றையும் மேசை மேல் வைக்கிறார். “இது யார்? உங்கள் தம்பியா? உங்கள் சான்றிதழ் எங்கே?” என்று கேட்கிறார்கள். பின்னால் வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் கேட்கிறது. இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாம் முறை போக யாருக்கு மனம் வரும்?

இதற்காகச் சட்டம் வந்தது. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019ஆம் ஆண்டு நிறைவேறி, 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கல்விக்கூடங்களில் திருநரிடம் வேற்றுமை காட்டக் கூடாது என்றது அந்தச் சட்டம். மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்து அடையாளச் சான்று பெறவும் வழி செய்தது. 2020ஆம் ஆண்டு வந்த விதிகள், அந்தச் சான்றைக் காட்டினால் மற்ற ஆவணங்களில் பெயரும் பாலினமும் மாற்றித் தர வேண்டும் என்றன. அதற்கு 15 நாள் கெடுவும் வைத்தன. பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்களும் அந்த ஆவணப் பட்டியலில் இருந்தன.

சட்டத்தில் இருந்தது அலுவலகத்தில் நடந்ததா? மணிப்பூரில் நடந்ததைப் பாருங்கள். பியோன்சி லைஷ்ராம் ஒரு திருநங்கை, மருத்துவர். அவர் சட்டப்படி அடையாளச் சான்று பெற்றார். ஆதார் போன்ற ஆவணங்களை மாற்றிக்கொண்டார். கல்விச் சான்றிதழ்களை மட்டும் மாற்ற முடியவில்லை. முதலில் பெற்ற சான்றிதழை முதலில் மாற்றி வர வேண்டும் என்று பல்கலைக்கழகம் திருப்பி அனுப்பியது. அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். புதிய பெயரிலும் பாலினத்திலும் சான்றிதழ்களை வழங்க வேண்டும் என்று 2025ஆம் ஆண்டு மணிப்பூர் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. மருத்துவம் படித்தவருக்கே நீதிமன்றம் போக வேண்டி இருந்தது. பத்தாம் வகுப்பைத் தாண்டாத ஏழைப் பிள்ளை என்ன செய்யும்?

சட்டங்களும் விதிகளும் அவ்வப்போது திருத்தப்படும். ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டில் என்ன விதி என்பதை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இலவசச் சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100.

சண்டிகரில் திரும்பி வந்த மாணவி

சண்டிகர் நகரில் பஞ்சாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தனஞ்சய் சௌஹான் இளமையில் அங்கே படித்தவர். நன்றாகப் படிப்பார். சட்டப் படிப்பிலும் சேர்ந்தார். அங்கே கேலியும் தொல்லையும் தாங்க முடியவில்லை. பாதியில் விட்டுவிட்டார்.

ஆண்டுகள் பல உருண்டோடின. 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு வந்தது. தனஞ்சய் நாற்பது வயதைக் கடந்திருந்தார். 2016ஆம் ஆண்டு அதே பல்கலைக்கழகத்தில் மனித உரிமைகள் பற்றிய முதுகலைப் படிப்பில் சேர்ந்தார். இம்முறை எதையும் மறைக்கவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் திருநர் என்று சொல்லிப் படித்த முதல் மாணவி அவர்தான்.

சேர்ந்த பிறகு எந்தக் கழிப்பறைக்குப் போவது என்ற கேள்வி வந்தது. அவர் பேசாமல் இருந்துவிடவில்லை. எழுத்தில் கேட்டார், திரும்பத் திரும்பக் கேட்டார். திருநருக்கென்று வளாகத்தில் கழிப்பறை வந்தது. அவருக்குப் பின்னால் மற்ற திருநர் மாணவர்களும் சேர்ந்தார்கள். அவர் வாழ்க்கையை வைத்து ‘அட்மிட்டட்’ என்ற ஆவணப்படம் எடுத்தார்கள். அது 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் அங்கீகாரம் பெற்றது.

படிப்பைத் தொடர வயது தடையில்லை என்று எழுத்தறிவு வகுப்புகளில் சொல்வார்கள். தனஞ்சய் அதைச் செய்து காட்டினார்.

கேரளம் செய்த இரண்டு வேலைகள்

கேரள அரசு 2015ஆம் ஆண்டு திருநருக்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. 2018ஆம் ஆண்டு மற்றொரு ஆணை போட்டது. பல்கலைக்கழகங்களிலும் அவற்றோடு இணைந்த கலை, அறிவியல் கல்லூரிகளிலும் ஒவ்வொரு படிப்பிலும் திருநருக்கு இரண்டு இடம் கூடுதலாகத் தரப்பட்டது. கூடுதல் இடம் என்பதால் மற்றவர்களின் இடம் குறையவில்லை.

இடம் கொடுத்தால் போதுமா? எட்டாம் வகுப்போடு நின்றவர் அந்த இடத்தில் போய் உட்கார முடியாது. அதற்காக இன்னொரு வேலையும் நடந்தது. கேரள மாநில எழுத்தறிவு இயக்கம் ‘சமன்வயா’ என்ற தொடர்கல்வித் திட்டத்தைத் திருநருக்காகத் தொடங்கியது. 4, 7, 10, 12ஆம் வகுப்புகளுக்கு இணையான தேர்வுகளுக்கு அவர்களைப் படிக்க வைத்தது. படிக்கும் காலத்தில் உதவித்தொகையும் கொடுத்தது. பகலில் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சாப்பாடு இல்லை என்ற நிலையில் இருப்பவருக்குப் புத்தகத்தைவிட அந்தத் தொகை முக்கியம்.

இந்த இரண்டு வேலைகளும் சேர்ந்தால்தான் பயன். ஒன்று வாசலைத் திறக்கிறது. மற்றொன்று வாசல்வரை கூட்டி வருகிறது.

மற்ற மாநிலங்களில் இருப்பவர்களுக்கும் வழி உண்டு. பள்ளியில் நின்றுவிட்டவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதலாம். அதன்பின் வீட்டிலிருந்தே பட்டம் படிக்க இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. திருநர் மாணவர்களுக்குப் படிப்புக் கட்டணம் இல்லை என்று அது 2017ஆம் ஆண்டு அறிவித்தது. சேரும்போது அந்தச் சலுகையைக் கேட்டுப் பெற வேண்டும்.

சேர்ந்த பிறகு

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம்தான் கடினமான வாரம். வருகைப் பதிவேட்டில் பழைய பெயரைப் படிக்கிறார்கள். வகுப்பே திரும்பிப் பார்க்கிறது. விடுதியில் ஆண்கள் பகுதியா, பெண்கள் பகுதியா என்று முடிவு செய்யாமல் நாட்கள் போகின்றன. வெளியில் வீடு தேடினால் வாடகைக்கு யாரும் தருவதில்லை. படிப்பை விடுவதற்கு இவையே போதும்.

கேலியும் கொடுமையும் ராகிங் என்ற குற்றத்தில் சேரும். பல்கலைக்கழக மானியக் குழு 2016ஆம் ஆண்டு தன் ராகிங் தடுப்பு விதிகளைத் திருத்தியது. சாதி, மதம், நிறம் போலவே, திருநர் என்பதற்காக ஒருவரை உடலாலோ மனத்தாலோ துன்புறுத்துவதும், ஒதுக்கி வைப்பதும் ராகிங் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. புகார் சொல்ல இலவசத் தொலைபேசி எண் 1800-180-5522.

ஆசிரியராகவும் திருநர் வந்திருக்கிறார்கள். மேற்கு வங்கத்தில் மானபி பந்தோபாத்யாய் என்ற திருநங்கை பல ஆண்டுகள் கல்லூரியில் வங்க மொழி கற்பித்தார். 2015ஆம் ஆண்டு கிருஷ்ணநகர் மகளிர் கல்லூரியின் முதல்வரானார். தமிழ்நாட்டில் கிரேஸ் பானு பள்ளி நாட்களில் சாதியாலும் பாலினத்தாலும் ஒதுக்கப்பட்டவர். 2014ஆம் ஆண்டு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். பின்னால் வருகிறவர்களின் படிப்புக்காகவும் இடஒதுக்கீட்டுக்காகவும் தொடர்ந்து போராடினார்.

நாம் என்ன செய்யலாம்?

1. வீட்டுப் பிள்ளை வேறு மாதிரி இருக்கிறது என்று தெரிந்தால் அடிக்க வேண்டாம், துரத்த வேண்டாம். பள்ளியை விட்டு நிறுத்தவும் வேண்டாம். வீட்டில் ஒருவர் துணை நின்றாலும் பிள்ளையின் படிப்பு தொடரும்.

2. வீட்டை விட்டுப் போன பிள்ளையின் சான்றிதழ்களைக் கிழிக்கவோ எரிக்கவோ வேண்டாம். பத்திரமாக வைத்திருந்து கொடுங்கள். கோபம் தணிந்துவிடும். எரிந்த சான்றிதழுக்கு நகல் வாங்க அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும்.

3. அவர்கள் சொல்லும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பட்டப்பெயர் வேண்டாம்.

4. கல்விக் குழுவிலோ பெற்றோர் ஆசிரியர் கழகத்திலோ இருந்தால், பள்ளிக் கழிப்பறையைப் பற்றியும் கேலியைப் பற்றியும் கூட்டத்தில் பேசுங்கள்.

5. அலுவலகத்துக்குத் தனியாகப் போகத் தயங்குகிறவருடன் துணைக்குப் போங்கள். இரண்டு பேர் போனால் பதில் மரியாதையாக வரும்.

விண்ணப்பம் எழுதிப் பழகுவோம்

கல்லூரியில் சேர்ந்த மாணவர், வருகைப் பதிவேட்டில் பெயர் மாற்றக் கேட்டு எழுதும் விண்ணப்பம் இது. இதைப் பார்த்து எழுதிப் பழகுங்கள்.

அனுப்புநர்: (பெயர், வகுப்பு, முகவரி)
பெறுநர்: முதல்வர் அவர்கள், (கல்லூரியின் பெயர்)

மதிப்புக்குரிய ஐயா / அம்மா,

பொருள்: பதிவேட்டில் பெயர், பாலினம் மாற்றம் வேண்டுதல்.

நான் இக்கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். என் பள்ளிச் சான்றிதழ்களில் ........ என்ற பெயர் உள்ளது. இப்போது என் பெயர் ........ . இதற்கான அடையாளச் சான்றின் நகலை இணைத்துள்ளேன். வருகைப் பதிவேட்டிலும் அடையாள அட்டையிலும் என் இப்போதைய பெயரையும் பாலினத்தையும் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(கையெழுத்து, தேதி)

குறிப்பு: விண்ணப்பத்தில் இரண்டு படி எடுங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுங்கள். மற்றொன்றில் தேதியுடன் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய சொற்கள்

திருநர் – திருநங்கை, திருநம்பி முதலான அனைவரும்
மாற்றுச் சான்றிதழ் – பள்ளியை விட்டுப் போகும்போது தரும் சான்று
கிடைமட்ட இடஒதுக்கீடு – ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் தரும் பங்கு
இணைத் தேர்வு – பள்ளிக்குப் போகாமல், அந்த வகுப்புக்குச் சமமாக எழுதும் தேர்வு

விடை எழுதுங்கள்

1. உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பில் கல்வி பற்றி என்ன ஆணையிட்டது?
2. ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் வேறு வேறு பெயர் இருந்தால் என்ன தொல்லை வரும்?
3. கேரளம் செய்த இரண்டு வேலைகள் யாவை? ஒன்றை மட்டும் செய்தால் ஏன் போதாது?

கலந்து பேசுங்கள்

உங்கள் ஊரில் பள்ளியை விட்டு நின்றுபோன திருநர் யாரேனும் இருக்கிறார்களா? அவர் எந்த வகுப்பில் நின்றார்? ஏன் நின்றார்? மீண்டும் படிக்க விரும்புகிறாரா என்று யாராவது அவரிடம் கேட்டதுண்டா? படிக்க விரும்பினால், தேர்வுக்குப் பதிவு செய்ய யார் அவருடன் போவது என்று இன்றே முடிவு செய்யுங்கள்.